இறகு உதிர்த்த கோழிகளும் ஒரு டோப்பாவும்

டாக்டர் சென்னியப்பனுக்கு இரண்டு தலைகள் இருந்தன. ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று டிவிக்கு. வீட்டுத் தலை முட்டை ஓட்டைப் போல வழவழவென்று இருக்கும். டிவித் தலையில் கருகருவென்று சுருள் முடி. அந்த டோப்பாவைச் சேலத்துக்குப் போய் அளவு கொடுத்துச் செய்துகொண்டு வந்தார். நாமக்கல்லில் செய்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று முன்ஜாக்கிரதை. அந்த ஒரு விஷயம் மட்டும் ஊருக்குத் தெரியாது என்று மனுஷன் மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

மற்றபடி அவரைத் தெரியாதவர்கள் அந்த மாவட்டத்தில் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் அவர் படம், பள்ளிக்கூடச் சுவரில் அவர் படம், ஆஃப்பாயில் கடை போர்டில்கூட அவர் படம். எல்லாவற்றிலும் டிவித் தலை. இவ்வளவுக்கும் காரணம் குழாய்க் காய்ச்சல்.

ஐப்பசி மழையில் சாக்கடையும் குடிநீரும் ஒன்று கலக்கிற ஊர்களில் வந்த காய்ச்சல் அது. பெரியவர்களை இரண்டு நாள் படுக்கப் போட்டுவிட்டு விட்டுவிடும். குழந்தைகளுக்குத்தான் எமன். நேராகச் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இருந்த மாத்திரைகளையெல்லாம் அந்தக் கிருமி மிட்டாய் மாதிரி தின்றுவிட்டது. தடுப்பூசி போடலாமென்றால், ஊசி தயாராகி வருவதற்குள் கிருமி வருஷத்துக்கொரு வேஷம் மாற்றிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் சென்னியப்பன் கோழியைப் பிடித்தார். செத்த கிருமியைக் கோழிக்கு ஊசியாகப் போட்டால், கோழி தன் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்புப் புரதம் செய்யும். பிறக்கப்போகும் குஞ்சுக்கு இருக்கட்டுமே என்று அதை முட்டையின் மஞ்சள் கருவிலும் எடுத்து வைக்கும். குஞ்சுதான் பிறக்கப்போவதில்லையே, அந்த மஞ்சளை நம் குழந்தை குடிக்கட்டும். வேக வைத்தால் மருந்து செத்துவிடும், அதனால் வெதுவெதுப்போடு அப்படியே குடிக்க வேண்டும். அன்றைக்குக் குடித்தது அன்றைக்குத்தான் காக்கும், அதனால் தினமும் குடிக்க வேண்டும். உலகத்தில் யார் யாரோ எப்போதோ யோசித்து வைத்த சங்கதிதான் இது. டிவியில் பேசும்போது அவர்கள் பெயரைச் சொல்ல இவருக்கு ஒவ்வொரு முறையும் நேரம் போதாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆனால் மருந்து வேலை செய்தது. அதில் சந்தேகமே இல்லை. முதன்முதலில் அந்த மஞ்சளைக் குடித்தது ரக்ஷிதா என்ற குழந்தை. காய்ச்சலில் ஒரு சிறுநீரகத்தைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தடவை வந்தால் அவ்வளவுதான் என்று கைவிரித்திருந்தார்கள். அதன்பிறகு வந்த மழைக்காலங்களில் அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. இப்போது இரண்டாம் வகுப்பு, இடுப்பு வரைக்கும் தொங்கும் பின்னல். அவளுடைய அம்மா பூங்கொடிதான் அவள் வகுப்புக்கு டீச்சர். 'முதல் முட்டைக்காரி' என்றுதான் சென்னியப்பன் ரக்ஷிதாவைக் கூப்பிடுவார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவள் ஓடி வந்து அவர் வயிற்றில் முட்டும்போது அவருக்குள் ஏதோ இளகும்.

வினை புரட்டாசியில் தொடங்கியது.

புரட்டாசி பிறந்தால் பாதித் தமிழ்நாடு பெருமாளே என்று சைவமாகிவிடும். முட்டை சீந்துவாரில்லாமல் கிடக்கும். அதனால் நாமக்கல் பண்ணைக்காரர்கள் அந்த மாதமாகப் பார்த்துத்தான் வயதான கோழிகளை மோல்ட்டிங்குக்கு விடுவார்கள். தீவனத்தைச் சுருக்கி, ஷெட்டில் வெளிச்சத்தைக் குறைத்தால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு இறகையெல்லாம் உதிர்க்கும். பிறகு புது இறகு முளைத்து, இளசு மாதிரி மறுபடியும் இடத் தொடங்கும். காலங்காலமாக நடக்கிற வழக்கம். மருந்துக் கோழிகளுக்கு அந்த வருஷம்தான் முதன்முதலாக வயதாகியிருந்தது.

சென்னியப்பனின் ஆய்வு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்த பண்ணைக்காரர்களுக்கெல்லாம் பெரியவர் குழந்தைவேலு. அவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "ஏனுங்க டாக்டர், எல்லாப் பண்ணையிலயும் ஒரே சமயத்துல மோல்ட்டிங் போட்டா உங்க மருந்து தங்குமுங்களா? இல்ல பாதிக் கோழிய உட்டு வச்சுப் பாக்கலாமுங்களா? எனக்கொண்ணும் தெரியலீங்க."

சென்னியப்பனுக்கும் தெரியாதுதான். ஆனால் டிவியில் வர ஆரம்பித்ததிலிருந்து 'தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயைவிட்டு எங்கோ குடிபெயர்ந்துவிட்டது.

"தாராளமாப் போடுங்க. கோழிக்கு அது ஓய்வுங்க. ஓய்வெடுத்தா யாருக்கும் தெம்பு கூடத்தானே செய்யும்? ஐப்பசி மழைக்குள்ள எல்லாம் மறுபடி இட ஆரம்பிச்சிரும்."

"நீங்க சொன்னா செரிங்க" என்று குழந்தைவேலு போய்விட்டார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே சென்னியப்பன் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார் என்றும் சொல்லலாம்.

எல்லாப் பண்ணைகளிலும் கோழிகள் ஒன்றாக உதிர்த்தன. பாவம், தோல் தெரிய, வால் போய், கழுத்து மட்டும் நீண்டு, ஆளாளுக்கு ஒரு மூலையில் நின்றன. புரட்டாசி முடிகிற சமயத்தில் குழந்தைவேலு பண்ணையிலிருந்து முதல் தட்டு முட்டை ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பரிசோதித்துப் பார்த்தால், அடேயப்பா! எதிர்ப்புப் புரதம் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு.

அவ்வளவுதான், சென்னியப்பன் டோப்பாவைச் சீவிக்கொண்டு டிவிக்குக் கிளம்பிவிட்டார். "இறகு உதிர்த்த கோழி மறுபிறவி எடுத்திருக்குங்க. இனிமே முட்டையில இரட்டைச் சக்தி!" என்று இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். அந்த இரண்டு விரல் மறுநாளே ஆஃப்பாயில் கடை போர்டுகளில் ஏறியது. ஜிம்முக்குப் போகிற பையன்கள், வாக்கிங் போகிற ரிட்டையர்டுகள், காய்ச்சலே வராத ஊரிலிருந்து காரில் வந்தவர்கள் என்று எல்லோரும் வரிசை கட்டி நின்று மருந்து முட்டையை மிளகுத் தூள் போட்டு விழுங்கினார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைக்கு ஒன்று என்று போனது போக, பாக்கியெல்லாம் பெரியவர்கள் வயிற்றுக்குள் போயிற்று. யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அடுத்தபடியாக இருந்தவர் ஜெபசெல்வி. தூத்துக்குடிக்காரர். பேச்சில் சர்க்கரை கொஞ்சம் கம்மி. ஒரு மத்தியானம் அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"சார், முட்டையில மருந்து இறங்குது சார்."

"மிஷினப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"கெமிக்கல் பழசாயிருக்கும்."

"நேத்துப் பிரிச்சது சார்."

"மழைக்குக் கரண்ட்டு ஏறி இறங்கியிருக்கும்."

"சார், எல்லாப் பண்ணை முட்டையும் ஒரே மாதிரி இறங்குது. உதிர்க்கறதுக்கு முன்னால இருந்ததுல பாதிதான் இருக்கு."

சென்னியப்பன் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். சாத்துவதற்கு அவசியம் ஒன்றுமில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாததால் சாத்தினார்.

"அப்ப அன்னிக்கு ரெண்டு மடங்கு இருந்துச்சே?"

"உங்க ஊர்ல கிணறு உண்டா சார்?"

"இருந்துச்சு."

"பத்து நாள் மோட்டார் போடாம விட்டுட்டு, அப்புறம் போட்டா என்னாகும்?"

"மொதல்ல குழாய் ரொம்பி வரும். அப்புறம்..." சென்னியப்பன் நிறுத்தினார்.

"அப்புறம்?"

"ஊறறதுதான் வரும்."

"அதான் சார். கோழி முட்டை போடாம நின்ன காலத்துல மருந்து ரத்தத்திலேயே சேந்து கிடந்துச்சு. முதல் முட்டைங்க அதை அப்படியே வாரிக்கிட்டு வந்துருச்சு. அந்தத் தட்டத்தான் நாம பாத்தோம். இப்பப் புதுசா ஊறணும். பட்டினி போட்டிருக்கோம், உடம்பு ஒடுங்கிப் போச்சு. கிடைச்ச கொஞ்சப் புரதத்துல இறகு முளைக்க வைக்கறதா, மருந்து செய்யறதா? குளிர் காலம் வருது, கோழி தனக்குச் சட்டை தைச்சுக்கிடுச்சு. அத நாம குறை சொல்ல முடியாது."

"ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாத்திருக்கணும்."

"அதைச் சொல்லத்தான் சார் அன்னிக்கு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீங்க டோப்பா... தலை சீவப் போயிட்டீங்க."

ஓகோ, இவருக்கும் தெரியுமா! மாவட்டத்தின் குழந்தைகள் ஆபத்தில் இருக்கிற அந்த நிமிஷத்திலும் சென்னியப்பன் மனம் முதலில் போய் நின்றது டோப்பாவில்தான். பிறகு வெகுகாலம் இதை நினைத்து அவர் தன்னைத்தானே கேவலமாகத் திட்டிக்கொண்டதுண்டு.

என்ன செய்வது என்பதில் குழப்பமில்லை. கோழிகளுக்கு மறுபடி ஊசி போட்டு நல்ல தீவனம் கொடுத்தால் கார்த்திகை வாக்கில் மருந்து ஏறிவிடும். அதுவரைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தினமும் இரண்டு முட்டை கொடுக்க வேண்டும். இரண்டு முட்டைக்கு எங்கே போவது? இருக்கிற முட்டையில் பாதிக்கு மேல் மிளகுத் தூளோடு பெரியவர்கள் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்ததே!

"உண்மையச் சொல்லிருவோம்" என்றார் சென்னியப்பன். "பெரியவங்க கொஞ்ச நாளைக்குத் தொடாதீங்கன்னு நான் சொன்னா கேப்பாங்க."

அன்றைக்கு டிவியில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். பேட்டி எடுத்தவர் அகிலன் என்ற இளைஞர். உள்ளூர் சானல்காரர். சென்னியப்பன் கும்பிட்டே கேட்டுக்கொண்டார். "தப்பு என்னோடதுங்க. இரட்டைச் சக்தி இல்ல, பாதிச் சக்திதான் இருக்கு. இந்த மழை முடியற வரைக்கும் முட்டையைப் புள்ளைங்களுக்கு விட்டுக்குடுங்க."

அகிலன் கேமராவைப் பார்த்துக் கண் கலங்கினார். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க! இவ்வளவு சாதிச்சுட்டும் 'பாதிதான்'னு சொல்ற தன்னடக்கம் யாருக்குங்க வரும்?"

சென்னியப்பன் தலையில் அடித்துக்கொள்ளப் போனார். டோப்பா நகர்ந்துவிடும் என்று கையை இறக்கிக்கொண்டார்.

ஊருக்குள் அது வேறு மாதிரி போயிற்று. ஊசி மருந்துக் கம்பெனிக்காரன் டாக்டரை வளைத்துவிட்டான் என்றார்கள். முட்டையை மொத்தமாக வெளிநாட்டுக்குத் தள்ளிவிடத் திட்டம் என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கு நாலு முட்டை சேர்த்து வாங்கினார்கள். 'சென்னியப்பன் டபுள் ஆஃப்பாயில்' என்று ஒரு கடை புது போர்டே வைத்தது. பொய்யாகப் பெருமையடித்தபோது கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஊர், முதன்முதலாக உண்மை சொன்னபோது சந்தேகப்பட்டது. ஊரைக் குறை சொல்லி என்ன பயன்? பழக்கப்படுத்தியவர் இவர்தானே.

இரண்டு நாள் கழித்துப் பூங்கொடி டீச்சர் ஆய்வு நிலையத்துக்கே வந்துவிட்டார். மழையில் நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை.

"எங்கிளாஸ் பையன் சர்வேஷ காத்தால ஐசியுல சேத்திருக்குதுங்க. ஒண்ணுக்கே போகலையாமா. தெனமும் எங்கையால மஞ்சள் குடிச்ச பையன். நீங்க டிவியில சொன்னது நெசமுங்களா, இல்ல ஊர்ல பேசிக்கற மாதிரிங்களா?"

"நெசந்தான் டீச்சர். ஒரு முட்டை பத்தாது."

பூங்கொடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரக்ஷிதாவுக்கு இருப்பது ஒற்றைச் சிறுநீரகம். அது இரண்டு பேருக்கும் தெரியும். 

"என் வீட்டுப் பங்கு முட்டை இருக்குது. ரக்ஷிதாவுக்குத் தெனமும் குடுத்தனுப்பறேன்" என்றார் சென்னியப்பன்.

"வேணாமுங்க."

"டீச்சர், அவளோட நிலைமைக்கு..."

"நாந்தானுங்க புள்ளைங்களுக்கு ஊத்திக் குடுக்கறேன். எல்லாம் வரிசையா டம்ளர நீட்டிக்கிட்டு நிக்கும். அதுல எம்புள்ளைக்கு மட்டும் ரெண்டு ஊத்தச் சொல்றீங்களா? இல்ல, ஊட்டுக்குக் கூட்டிப் போயி ஒளிச்சுக் குடுக்கச் சொல்றீங்களா?" அவருக்குக் குரல் உடைந்தது. "அப்படிக் குடுத்துப்புடலாம்னு ராத்திரியெல்லாம் நெனச்சேனுங்க. பெத்தவ இல்லையா. ஆனா அந்த சர்வேஷ் அம்மா மூஞ்சிய எப்படிப் பாக்கறது? எல்லாத்துக்கும் ரெண்டு வர்ற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க டாக்டர். நீங்க டிவியில சொன்னா ஊரே கேக்குமே."

கேட்கவில்லையே அம்மா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவர் சாப்பிடாமல்கூட இருந்திருப்பார். ஆனால் மனைவி திலகவதி தட்டை வைத்துவிட்டார். தட்டில் ஆஃப்பாயிலைக் காணோம்.

"முட்டை எங்க?"

"நாஞ்சாப்பிடறதில்ல. உங்களுக்கும் போடல."

"புள்ளைங்களுக்கு விட்டுக்குடுக்கச் சொன்னேனே, அதுக்கா?" என்று கேட்டார் சென்னியப்பன். ஊர் நம்பாவிட்டால் போகிறது, கட்டின மனைவியாவது நம்பினாளே!

"அதெல்லாமில்ல" என்றார் திலகவதி. செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ புரட்டாசியில் குழந்தைவேலு பண்ணைக்குள் புகுந்து எடுத்தது. உதிர்த்த கோழிகள் மொட்டை மொட்டையாக நின்றன. கீழே, 'இந்தக் கோழி முட்டையைத் தின்றால் உங்கள் தலையும் இப்படித்தான்' என்று எழுதியிருந்தது.

"ஏம்மா, நான் ஆராய்ச்சி பண்றவன். எனக்குத் தெரியாதா? அதெல்லாம் கட்டுக்கதை."

"இருக்கட்டுமே. எதுக்கு வம்பு? இருக்கறதே நாலு முடி." திலகவதி கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "உங்களுக்கென்ன, இனிமே கொட்டறதுக்கு எதுவுமில்ல."

சென்னியப்பன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று சிரித்தார். திலகவதி பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் அவர் தானாகவே அகிலனுக்குப் போன் செய்தார். ஜெபசெல்விக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"சார், இது பொய் சார்" என்றார் ஜெபசெல்வி.

"ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்ல மாட்டேன், பாருங்க."

"அது இன்னும் மோசம் சார்." ஆனால் அவர் தடுக்கவில்லை. அன்று காலையில் இன்னும் இரண்டு குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

நேரலை தொடங்கியது. அகிலன் வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டுக் கேட்டார். "டாக்டர், இந்த முட்டையைச் சாப்பிட்டா முடி கொட்டும்னு சொல்றாங்களே, இது வதந்திதானே?"

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் கோழிக்கு முதல் ஊசி போட்டதுலேர்ந்து கிடைக்கற நாளெல்லாம் இந்த முட்டையத்தான் சாப்பிடறேன்" என்றார். நிஜம். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி, சேலத்தில் அளவெடுத்துச் செய்த அந்தச் சுருள் முடியைத் தலையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அதுவும் நிஜம். இருபத்தெட்டு வயதிலேயே வழுக்கை விழுந்துவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஸ்டுடியோ விளக்கு வெளிச்சத்தில் அவர் தலை பளபளத்தது. கேமராக்காரர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அகிலன் தட்டுத் தடுமாறி, "நேயர்களே..." என்றார். அவரும் தினமும் டபுள் ஆஃப்பாயில்காரர்தான்.

மறுநாள் காலையில் மாவட்டத்தில் பெரியவர்கள் ஒருவர்கூட மருந்து முட்டையைத் தொடவில்லை. ஜிம் பையன்கள் பயறுக்கு மாறினார்கள். மீசை நரைத்த ரிட்டையர்டுகளுக்குக்கூடத் தலையில் இருந்த கொஞ்சத்தின்மேல் அவ்வளவு பாசம். 'சென்னியப்பன் டபுள் ஆஃப்பாயில்' கடை பரோட்டாக் கடையாயிற்று. முட்டை மலையாகக் குவிந்தது. குழந்தைவேலு வண்டி வண்டியாகப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றியனுப்பினார். பிள்ளைக்கு இரண்டு, கேட்டால் மூன்று. ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேருகிற குழந்தைகள் குறைந்தார்கள். கோழிகளுக்கு மறுபடி போட்ட ஊசி கார்த்திகையில் வேலை செய்தது. மருந்து பழைய அளவுக்கு ஏறியது. இந்த முறை ஜெபசெல்வி வாராவாரம் பார்த்தார், சென்னியப்பன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றார். சர்வேஷ் வீட்டுக்குத் திரும்பினான். ஆனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் ரத்தம் சுத்தப்படுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியிருந்தது. முதல் தட்டோடு நிறுத்திக்கொண்டதற்கு அவன் கொடுத்த விலை அது. சென்னியப்பன் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். அவனோடு கேரம் ஆடித் தோற்றார். 

தெருவில் 'டோப்பா டாக்டர்' என்றார்கள். போகட்டும். மொட்டைத் தலையில் மழைத்துளி விழுவது நன்றாகத்தான் இருந்தது. ஒரு பொய்கூடச் சொல்லாமல் இத்தனை குழந்தைகளைக் காப்பாற்றிய சாமர்த்தியத்தை நினைத்து அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட வர ஆரம்பித்திருந்தது. டோப்பா போனாலும் அது போகவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம் பூங்கொடி டீச்சர் ரக்ஷிதாவைக் கூட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். சென்னியப்பனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. காதுக்கு மேலே ஒட்ட வெட்டிய தலையோடு யாரோ ஒரு குழந்தை வந்து அவர் வயிற்றில் முட்டியது.

"முதல் முட்டைக்காரி! என்ன கண்ணு இது? பின்னல் எங்க?"

ரக்ஷிதா ஒரு துணிப்பையை நீட்டினாள். பிரித்தால், நீலத் தலைக்கயிறு கட்டிய நீளப் பின்னல் சுருண்டு கிடந்தது. எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.

"உங்களுக்குத்தானுங்க" என்றாள். "டோப்பா செஞ்சுக்கங்க."

சென்னியப்பன் பூங்கொடியைப் பார்த்தார்.

"என்னத்தச் சொல்றதுங்க" என்றார் பூங்கொடி. "நீங்க டிவியில தலையக் காட்டுன மக்யா நாளு, கிளாஸ்ல பொட்டப்புள்ளைங்க ஒண்ணுகூட டம்ளர வாங்கல. முடி கொட்டிப் போயிருமுன்னு ஒரே அழுகை. முட்டை மலையாட்டம் கெடக்குது, குடிக்க ஆளில்ல. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க. அப்பறம் ஒரு கத்திரிக்கோல எடுத்துக்கிட்டுப் போயி, எல்லாரு முன்னாடியும் எம்புள்ளை பின்னல வெட்டுனேன். 'பாருங்க, இவளுக்கு இனிமே கொட்டறதுக்கு ஒண்ணுமில்ல, இவ ரெண்டு குடிக்கிறா. கோழிக்குக் கொட்டி முளைக்கலையா? உங்களுக்கும் முளைக்கும். உசுருதான் போனா முளைக்காது'ன்னேன். இவ ஒரே மூச்சுல ரெண்டு டம்ளரும் குடிச்சுப்போட்டு நிமுந்தா. அப்பறம் ஒண்ணொண்ணா வந்து வாங்குச்சுங்க."

 பெரியவர்களைப் பயமுறுத்துவதிலேயே குறியாக இருந்த சென்னியப்பன், குழந்தைகளும் டிவி பார்க்கும் என்பதை மறந்தே போனார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லவில்லை. மறுபடியும் முதல் தட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்! அவர் காப்பாற்றியதாக நினைத்த பிள்ளைகளை இந்த அம்மா கத்திரிக்கோலால் காப்பாற்றியிருக்கிறார்.

"எனக்குக் கோழி மாதிரி முளைச்சுருமுங்க" என்றாள் ரக்ஷிதா, அவரைச் சமாதானப்படுத்துகிற குரலில். "உங்களுக்குத்தான் முளைக்கவே மாட்டேங்குது. அதான் கொண்டாந்தேன்."

அவர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். பின்னல் மடியில் கிடந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம். நன்றி சொல்லிப் பையை வாங்கிக்கொண்டால் அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே போய்விடும். ஊரும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கும். அப்படியே நம்பிக்கொண்டிருந்தால், அடுத்த மழைக்கு வேறொரு வகுப்பில், கத்திரிக்கோல் எடுக்க ஒரு டீச்சர் இல்லாத வகுப்பில் என்ன ஆகும்?

"கண்ணு, அந்த முட்டையால முடி கொட்டாது. எனக்கு நீ பொறக்கறதுக்கு நெம்ப நாளைக்கு முன்னாடியே கொட்டிப் போச்சு. பெரியவங்க சாப்பிடாம இருக்கட்டும்னு, அப்படி நெனைக்க விட்டுட்டேன். பொய்தான்."

 பூங்கொடி கையை மகளின் வெட்டிய தலைமேல் வைத்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது.

ரக்ஷிதா வெகுநேரம் அவர் மொட்டையைப் பார்த்தாள். "அப்ப முட்டை குடிச்சா காய்ச்சல் வராதுங்கறது?"

"அது நெசம்."

"அதையும் டிவியில நீங்கதானே சொன்னீங்க?"

அவரிடம் ஆராய்ச்சி முடிவுகள் இருந்தன, அளவுகள் இருந்தன, மூன்று மழைக்காலத்துக் கணக்கு இருந்தது. ஏழு வயதுக் குழந்தையிடம் அதில் எதை எடுத்து வைப்பது? ஊரிடம்தான் எதை எடுத்து வைப்பது?

ரக்ஷிதா குனிந்து அவர் மடியிலிருந்த பின்னலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கோபமாகச் செய்யவில்லை, தன் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதைப் போலத்தான் செய்தாள்.

"இனிமே நீங்க சொன்னீங்கன்னா" என்றாள், "ஜெபசெல்வி அக்காகிட்டயும் ஒருக்காக் கேட்டுக்கறேன். அவங்களும் ஆமான்னு சொன்னா குடிக்கறேன்."

உள்ளே மேஜையில் அன்றைய முட்டைகளை உடைத்துக்கொண்டிருந்த ஜெபசெல்வி நிமிர்ந்து பார்த்தார். ரக்ஷிதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக அவரிடம் போனாள். ஒரு முறை கேட்டதோடு நிறுத்தாமல், இன்னொருவரிடமும் கேட்பதற்காகப் போனாள். சென்னியப்பன் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிற அந்த ஒரு வேலையைத்தான் புரட்டாசி முடிவில் அவர் செய்யாமல் விட்டிருந்தார்.